நுழைவுத் தேர்வில் இயற்கணிதம்: கோலார் தங்க வயல் ஆசிரியர்களுக்குச் சில குறிப்புகள்

கோலார் தங்க வயலின் சுரங்கங்கள் உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் வைத்து எண்ணப்பட்டவை. சாம்பியன் ரீஃப் சுரங்கம் தரைமட்டத்திலிருந்து 3 கிலோமீட்டருக்கும் கீழே சென்றது. வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து குடியேறிய தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் பல தலைமுறைகளாக அங்கே உழைத்துவந்தன. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் வேலை நிறுத்தப்பட்டபோது, தந்தை செய்த தொழிலை மகன் மேற்கொள்ளும் வழியும் அடைபட்டது. இன்று உழைப்போர் பலர் மாரிகுப்பத்தில் புகைவண்டி ஏறி, பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூருக்குச் சென்று, இரவில் வீடு திரும்புகின்றனர். இத்தகைய ஊரில் ஒரு மாணாக்கருக்குப் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைப்பது ஒரு குடும்பத்தின் நிலையையே மாற்றக்கூடியது. அவ்விடத்திற்குச் செல்லும் வாயிலில் நிற்பது நுழைவுத் தேர்வு. அத்தேர்வின் கணித வினாக்களில் கணிசமான பகுதி இயற்கணிதத்தைச் சார்ந்தது. அவ்வினாக்களை எவ்வாறு அணுகுவது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

தேர்வின் அமைப்பு

கர்நாடகத்தில் தொழிற்கல்விக்கான பொது நுழைவுத் தேர்வு 1994ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வருகிறது. கணிதத் தாளில் 60 வினாக்கள் உள்ளன. அவற்றுக்கு விடையளிக்க 80 நிமிடங்கள் தரப்படுகின்றன. எனவே ஒரு வினாவுக்குக் கிடைப்பது சராசரியாக 80 விநாடியே. ஒவ்வொரு வினாவுக்கும் நான்கு விடைகள் அச்சிடப்பட்டிருக்கும். சரியானதைத் தேர்ந்து விடைத்தாளில் உள்ள வட்டத்தை நிரப்பவேண்டும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படுவதில்லை. பொறியியல் படிப்புக்கான தரவரிசையில், பல்கலைக்கழக முன்படிப்பின் இரண்டாம் ஆண்டுத் தேர்வில் பௌதிகம், இரசாயனம், கணிதம் ஆகியவற்றில் பெற்ற மதிப்பெண்ணுக்குப் பாதியும், நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணுக்குப் பாதியும் அளிப்பது வழக்கம்.

சூரத்கல் முதலிய தேசியத் தொழில்நுட்பக் கழகங்களில் சேர விரும்புவோர் எழுதும் கூட்டு நுழைவுத் தேர்வின் முதன்மைத் தாள் வேறு அமைப்புடையது. 2025ஆம் ஆண்டில் அதில் மூன்று மணி நேரத்தில் 75 வினாக்கள் கேட்கப்பட்டன. சரியான விடைக்கு 4 மதிப்பெண் உண்டு. தவறான விடைக்கு 1 மதிப்பெண் குறையும்.

மாநிலந்தோறும் நிலைமை ஒன்றல்ல என்பதையும் அறிதல் நன்று. தமிழ்நாட்டில் 1984ஆம் ஆண்டு தொடங்கிய மாநில நுழைவுத் தேர்வு, 2006ஆம் ஆண்டின் சட்டத்தால் நீக்கப்பட்டது. ஆகவே எல்லைக்கு அப்பால் வேலூர்ப் பகுதியில் வாழும் உறவினரின் பிள்ளைகள், தம் மாநிலப் பொறியியல் கல்லூரிகளில் சேர்வதற்கு எழுதவேண்டாத ஒரு தேர்வைத் தங்க வயலின் பிள்ளைகள் எழுதவேண்டியுள்ளது. கூட்டு நுழைவுத் தேர்வு 2021ஆம் ஆண்டு முதல் 13 மொழிகளில் நடத்தப்படுகிறது. ஆயினும் அதன் தமிழ் வினாத்தாள் தமிழ்நாடு, புதுச்சேரி, அந்தமான் நிக்கோபார் தீவுகள் ஆகிய இடங்களின் தேர்வு மையங்களுக்கே உரியது. வீட்டில் தமிழ் பேசும் தங்க வயல் மாணாக்கர் தம் மாநிலத்தில் எழுதும்போது வினாவை வேறொரு மொழியில்தான் படிக்கவேண்டும். இந்த மொழி வேறுபாடு இயற்கணிதத்தில் எங்கே இடர் விளைவிக்கிறது, எங்கே உதவுகிறது என்பதைப் பின்னர்க் காண்போம்.

வினவப்படுவது யாது?

பள்ளித் தேர்வில் படிப்படியாக எழுதும் செய்முறைக்கு மதிப்பெண் உண்டு. நுழைவுத் தேர்விலோ முடிவுக்கு மட்டுமே மதிப்பெண். ஆதலின் வினாவில் எது கேட்கப்படுகிறது என்பதை முதலில் அறிந்து, அதற்குத் தேவையானதை மட்டும் கணக்கிடுதல் வேண்டும்.

சுரங்கத்தையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். ஆழம் மிகுந்தோறும் பாறையின் வெப்பம் மிகுகிறது என்பது தங்க வயலில் யாவரும் அறிந்ததே. ஒரு சுரங்கத்தில் வெப்பநிலை ஆழத்திற்கேற்ப ஒரே சீராக உயர்கிறது எனவும், 600 மீட்டர் ஆழத்தில் 36 பாகையும் 2,400 மீட்டர் ஆழத்தில் 60 பாகையும் உள்ளன எனவும் வைத்துக்கொள்வோம். (இவ்வெண்கள் கணக்கிற்காகக் கொள்ளப்பட்டவை.) 1,500 மீட்டர் ஆழத்தில் வெப்பநிலை என்ன?

பழகிய வழியில் செல்லும் மாணாக்கர் இரண்டு தெரியாக் கணியங்களைக் கொண்டு இரண்டு சமன்பாடுகளை அமைப்பார். 1,800 மீட்டருக்கு 24 பாகை உயர்வதால் 75 மீட்டருக்கு 1 பாகை உயர்கிறது எனவும், தரைமட்டத்தில் 28 பாகை எனவும் காண்பார். பின்னர் 1,500 மீட்டருக்கு 20 பாகையைக் கூட்டி, 48 பாகை என்ற விடையை அடைவார். வழி சரியானதே. ஆயினும் 1,500 என்பது 600க்கும் 2,400க்கும் நடுவில் உள்ளது. சீராக உயரும் அளவில் நடுப்புள்ளியின் மதிப்பு இரு முனைகளின் சராசரியாகும். ஆகவே 36, 60 ஆகியவற்றின் சராசரி 48 என ஒரே வரியில் விடை கிடைக்கும். தரைமட்ட வெப்பநிலையை யாரும் கேட்கவில்லை.

இருபடிச் சமன்பாடுகளிலும் இவ்வாறே. ய² − 6ய + 4 = 0 என்ற சமன்பாட்டின் மூலங்கள் அ, ஆ எனில், அ² + ஆ² எவ்வளவு என்பது வினா. மூலங்களைத் தனித்தனியே கண்டால் 3 + √5, 3 − √5 என வரும். அவற்றை வர்க்கப்படுத்திக் கூட்டவேண்டும். ஆனால் மூலங்களின் கூட்டுத்தொகை 6, பெருக்குத்தொகை 4 என்பது சமன்பாட்டின் குணகங்களிலிருந்தே தெரிகிறது. (அ + ஆ)² என்பதிலிருந்து 2அஆ என்பதைக் கழித்தால் வேண்டிய விடை வரும்: 36 − 8 = 28.

இங்கு விடைகளாக 28, 32, 36, 44 என்ற நான்கு எண்கள் தரப்பட்டிருப்பின், எஞ்சிய மூன்றும் எங்கிருந்து வந்தன என்பதை ஆசிரியர் கரும்பலகையில் காட்டவேண்டும். 2அஆ என்ற உறுப்பை மறந்தவருக்கு 36 கிடைக்கும். இரண்டால் பெருக்க மறந்தவருக்கு 32 கிடைக்கும். கழிப்பதற்குப் பதில் கூட்டியவருக்கு 44 கிடைக்கும். தவறான விடைகள் பெரும்பாலும் மாணாக்கர் வழக்கமாகச் செய்யும் பிழைகளை முன்கூட்டியே கணித்து அமைக்கப்படுகின்றன. ஆகையால் தம் விடை தாளில் அச்சாகியிருக்கிறது என்பது, அது சரியென்பதற்குச் சான்றாகாது.

சொற்களிலிருந்து சமன்பாட்டிற்கு

சமன்பாடு அமைந்துவிட்டால் அதற்கு மொழி இல்லை. தமிழர், கன்னடர், ஆங்கிலேயர் யாவரும் அதனை ஒரே முறையில் தீர்ப்பர். மொழியின் வேறுபாடு தோன்றுவது சொற்கணக்குகளைச் சமன்பாடாக மாற்றும் முதற்படியில்தான்.

ஓர் எண்ணைவிட ஐந்து குறைவானது என்ற கருத்தை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் இதன் சொற்கள் ‘ஐந்து, குறைவு, எண்ணைவிட’ என்ற வரிசையில் வரும். அவ்வரிசையிலேயே குறியீடுகளை எழுதும் மாணாக்கர் 5 − ய என எழுதிவிடுகிறார். சரியானது ய − 5. தமிழில் ‘ய-ஐ விட ஐந்து குறைவு’ என்னும்போது, சொற்களின் வரிசையும் குறியீடுகளின் வரிசையும் ஒத்திருக்கின்றன. அவ்வாறே ‘இரண்டு எண்களின் கூட்டுத்தொகையின் வர்க்கம்’ என்ற தமிழ்த்தொடர், முதலில் கூட்டுக, பின்னர் வர்க்கப்படுத்துக எனச் செய்யவேண்டிய வேலைகளைச் செய்யும் வரிசையிலேயே சொல்லுகிறது. ஆங்கிலத்தில் வர்க்கம் முன்னும் கூட்டல் பின்னும் வரும். கன்னடத்தின் சொல்வரிசையும் தமிழைப் போன்றதே. எனவே வினாவை ஆங்கிலத்தில் படிக்கும் மாணாக்கர், அதனைத் தம் வீட்டு மொழியில் ஒருமுறை மனத்துக்குள் சொல்லிப் பார்த்தபின் சமன்பாட்டை எழுதுவது பயன் தரும். தாய்மொழி இத்தேர்வுக்குத் தடை என்று எண்ணும் மாணாக்கருக்கு இதனை எடுத்துக் காட்டுதல் நலம்.

ஆயினும் சொல்வரிசை ஒன்றே எல்லாப் பிழைக்கும் காரணமன்று. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் பொறியியல் பயிலும் முதலாண்டு மாணாக்கரிடம் ஓர் எளிய வினாவை வைத்தனர். ஒரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் தொகையைப் போல் ஆறு மடங்கு மாணாக்கர் உள்ளனர். இதனைச் சமன்பாடாக எழுதுக என்பது அவ்வினா. மூவரில் ஒருவருக்கு மேற்பட்டோர் தவறினர். மாணாக்கர் தொகை ‘ம’, பேராசிரியர் தொகை ‘ப’ எனில், சரியான சமன்பாடு ம = 6ப. தவறியவருள் பெரும்பாலோர் இதனைத் தலைகீழாக 6ம = ப என எழுதினர். ஆங்கிலச் சொல்வரிசை இதற்கு ஒரு காரணம். மற்றொரு காரணம், ‘ம’ என்ற எழுத்தை மாணாக்கரின் எண்ணிக்கையாகக் கொள்ளாமல், மாணாக்கர் என்ற சொல்லின் சுருக்கமாகக் கொண்டதாகும். ‘ஒரு பேராசிரியருக்கு ஆறு மாணாக்கர்’ என்று தமிழில் சொல்லும்போதும் இப்பிழை நேரக்கூடும்.

இதற்கு மருந்து எளியது. சமன்பாட்டை எழுதியவுடன் ஓர் எண்ணை அதில் இட்டுப் பார்த்தல் வேண்டும். பேராசிரியர் 10 பேர் எனில் மாணாக்கர் 60 பேர் இருக்கவேண்டும். ம = 6ப என்பது இதற்குப் பொருந்தும்; 6ம = ப என்பது பொருந்தாது. ஐந்து விநாடி செலவழித்தால் ஒரு வினா காப்பாற்றப்படும்.

புகைவண்டிக் கணக்கு ஒன்றைக் காண்போம். ஒரு வண்டி 100 கிலோமீட்டர் தொலைவைச் சீரான வேகத்தில் கடக்கிறது. அதன் வேகம் மணிக்கு 10 கிலோமீட்டர் கூடுதலாக இருந்திருந்தால், பயண நேரம் 30 நிமிடம் குறைந்திருக்கும். வண்டியின் வேகம் என்ன? விடைகள்: (1) 40 (2) 45 (3) 50 (4) 60.

வேகம் மணிக்கு ய கிலோமீட்டர் என்க. இப்போது ஆகும் நேரம் 100/ய மணி. வேகம் கூடினால் ஆகும் நேரம் 100/(ய + 10) மணி. இவற்றின் வேறுபாடு அரை மணி. இதிலிருந்து ய(ய + 10) = 2000 என்பது கிடைக்கும். பத்து வேறுபாடுடைய இரண்டு எண்களின் பெருக்குத்தொகை 2000 எனில், அவை 40, 50 என்பது காட்சியிலேயே தெரியும். ஆகவே ய = 40. வேகம் எதிர்மறையாக இருக்க இயலாதாதலால் மற்றொரு மூலமாகிய −50 தள்ளப்படுகிறது. சரிபார்க்க: 100 கிலோமீட்டருக்கு 40 வேகத்தில் இரண்டரை மணி, 50 வேகத்தில் இரண்டு மணி.

இக்கணக்கில் மூன்றாம் விடையாகிய 50 தற்செயலாக வைக்கப்பட்டதன்று. கூடுதலான வேகத்தையே வண்டியின் வேகம் என்று கொண்டவரை அது காத்திருக்கிறது. 30 நிமிடத்தை அரை மணியாக மாற்றாமல் 30 என்றே எழுதியவருக்கு எந்த விடையும் பொருந்தாது. அவர் செலவழித்த நேரம் வீணாகும். அலகுகளை முதலில் ஒன்றாக்குதல் இக்காரணத்தாலேயே வற்புறுத்தப்படுகிறது.

விடைகளைக் கொண்டு சோதித்தல்

நான்கு விடைகள் முன்னரே தரப்பட்டிருப்பதால், அவற்றைச் சமன்பாட்டில் பிரதியிட்டுப் பார்ப்பது சில வினாக்களில் குறுக்கு வழியாகும். சில வினாக்களில் அது கட்டாயமும் ஆகும்.

√(ய + 7) = ய − 5 என்ற சமன்பாட்டை எடுத்துக்கொள்வோம். விடைகள்: (1) 2 மட்டும் (2) 9 மட்டும் (3) 2, 9 இரண்டும் (4) தீர்வு இல்லை. இருபுறமும் வர்க்கப்படுத்தினால் ய² − 11ய + 18 = 0 என வரும்; அதன் மூலங்கள் 2, 9. அவசரமுடையவர் மூன்றாம் விடையைக் குறிப்பார். ஆனால் ய = 2 எனில் இடப்புறம் 3, வலப்புறம் −3; இவை சமமல்ல. ய = 9 எனில் இருபுறமும் 4. எனவே இரண்டாம் விடையே சரி. வர்க்கப்படுத்தும்போது 3க்கும் −3க்கும் உள்ள வேறுபாடு மறைந்துபோவதால் பொய்யான மூலம் ஒன்று உட்புகுகிறது. காரணத்தை அறிந்த மாணாக்கர், வர்க்கப்படுத்திய இடந்தோறும் மறவாமல் சரிபார்ப்பார்.

சோதிக்கும் முறைக்கும் ஓர் எல்லை உண்டு. 1×2 + 2×3 + 3×4 + … என்ற தொடரின் முதல் ந உறுப்புகளின் கூட்டுத்தொகை எது என்ற வினாவுக்கு, பின்வரும் விடைகள் தரப்பட்டுள்ளன என்க:

(1) ந(ந + 1)(ந + 2)/3
(2) ந(ந + 1)(2ந + 1)/3
(3) ந(ந + 1)²/2
(4) ந(ந + 3)/2

ந = 1 எனப் பிரதியிட்டால் கூட்டுத்தொகை 2 ஆகவேண்டும். நான்கு விடைகளும் 2 என்றே தருகின்றன! முதல் விடை பொருந்தியது கண்டு அங்கேயே நின்றவர் இக்கணக்கில் நற்பேற்றால் தப்பினார். விடைகளின் வரிசை மாறியிருந்தால் தவறியிருப்பார். ந = 2 எனில் கூட்டுத்தொகை 2 + 6 = 8. விடைகள் முறையே 8, 10, 9, 5 எனத் தருகின்றன. ஆகவே முதலாவதே சரி. ஒரு சோதனையில் பொருந்துவது போதாது. மற்ற மூன்றும் விலகும் வரை சோதிக்கவேண்டும் என்பது இதனால் விளங்கும்.

இம்முறை பொருந்தாதவற்றை விலக்குமேயன்றி, பொருந்தியதை நிறுவாது. நிறுவ விரும்புவோர் ஒவ்வோர் உறுப்பையும் ஓர் எண்ணின் வர்க்கமாகவும் அவ்வெண்ணாகவும் பிரித்து, வர்க்கங்களின் கூட்டுத்தொகையாகிய ந(ந + 1)(2ந + 1)/6 என்பதையும், எண்களின் கூட்டுத்தொகையாகிய ந(ந + 1)/2 என்பதையும் கூட்டினால் முதல் விடையை அடைவர். வகுப்பில் இவ்விரு வழிகளையும் அடுத்தடுத்துக் காட்டுவது சிறந்தது. குறுக்கு வழியை மட்டும் கற்றவர் முன்படிப்பின் எழுத்துத் தேர்வில் இடர்ப்படுவார். அதற்கும் தரவரிசையில் பாதிப் பங்கு உண்டென்பதை மறத்தலாகாது.

தெரியாத வினாவை விடலாமா?

இதற்கும் இயற்கணிதமே விடை கூறும். மாநிலத் தேர்வில் தவறுக்கு மதிப்பெண் குறையாது. 60 வினாக்களையும் கண்ணை மூடிக் குறித்தால்கூடச் சராசரியாக 15 விடைகள் சரியாக அமையும். எனவே இத்தேர்வில் எந்த வட்டத்தையும் நிரப்பாமல் விடுதல் இழப்பே.

கூட்டு நுழைவுத் தேர்வில் நான்கு விடைகளுள் ஒன்றைக் குருட்டாம்போக்கில் குறித்தால், எதிர்பார்க்கும் மதிப்பெண் 4 × 1/4 − 1 × 3/4, அதாவது கால் மதிப்பெண். இதில் ஆதாயம் சிறிது. பிழைக்கும் வாய்ப்போ நான்கில் மூன்று. ஆனால் இரண்டு விடைகள் பொருந்தா என உறுதியாக விலக்கிவிட்டால், எதிர்பார்க்கும் மதிப்பெண் 4 × 1/2 − 1 × 1/2, அதாவது ஒன்றரை ஆகும். ஆகவே வினாவை முழுவதும் தீர்க்க இயலாதபோதும், பொருந்தாதவற்றை விலக்கும் பயிற்சி பயனுடையது.

வகுப்பறையில் செய்யத்தக்கவை

தனிப்பயிற்சி நிலையங்களுக்குப் பணம் செலுத்த இயலாத குடும்பங்கள் தங்க வயலில் பல உள்ளன. அப்பிள்ளைகளுக்குப் பள்ளி ஆசிரியரும், மாலை வகுப்பு நடத்தும் ஊழியருமே துணை. பின்வரும் பழக்கங்களுக்குப் பணச் செலவு இல்லை.

முதலாவது, ஒவ்வொரு சொற்கணக்குக்கும் மாணாக்கர் மூன்று வரிகள் எழுதட்டும்: கேட்கப்படுவது யாது, தரப்பட்டது யாது, எந்த எழுத்து எந்த எண்ணைக் குறிக்கிறது. சில வாரங்களில் இது மனத்துக்குள்ளேயே நிகழும் வழக்கமாகிவிடும்.

இரண்டாவது, ஒவ்வொருவரும் ஒரு பிழைக் குறிப்பேடு வைத்திருத்தல் வேண்டும். தவறிய வினாவையும், தம் விடை எந்தப் பிழையால் வந்தது என்பதையும் அதில் எழுதவேண்டும். பிழைகள் எண்ணற்றவையல்ல, சிலவே மீண்டும் மீண்டும் வருகின்றன என்பதை மாணாக்கர் தாமே காண்பர்.

மூன்றாவது, மாணாக்கரையே நான்கு விடைகளுடன் வினா அமைக்கச் செய்யலாம். நம்பத்தகுந்த தவறான விடைகளை உண்டாக்க முயல்பவர், அத்தவறுகளில் எளிதில் விழமாட்டார்.

நான்காவது, நேரத்தை இரண்டு சுற்றாகப் பிரித்துப் பழக்கவேண்டும். முதற்சுற்றில் வழி உடனே புலப்படும் வினாக்களை மட்டும் முடித்து, எஞ்சியவற்றுக்கு இரண்டாம் சுற்றில் திரும்புவது முறை. ஒரே வினாவில் ஐந்து நிமிடம் நின்றவர், பின்னே இருந்த எளிய வினாக்கள் மூன்றை இழந்தவராவார்.

சுரங்கம் இயங்கிய நாளில் புதிதாக இறங்குபவருக்குப் பழகியவர் அருகிருந்து பாதை காட்டினார்; எந்தப் பாறையை நம்பலாம், எதன் கீழ் நிற்கலாகாது என்று கற்பித்தார். நுழைவுத் தேர்வின் இயற்கணிதமும் அவ்வாறே கற்பிக்கப்படவேண்டும். சூத்திரங்களை மனப்பாடம் செய்வித்தால் மட்டும் போதாது. எங்கே பிழை பதுங்கியிருக்கிறது என்பதையும் காட்டவேண்டும். வினாவைப் பொருளுணர்ந்து படிக்கவும், சமன்பாட்டைச் சரியாக அமைக்கவும், விடையைச் சோதிக்கவும் பழகிய மாணாக்கருக்கு 80 விநாடி குறைந்த நேரமன்று.